நீரைப் பிளக்கும் நிறமிகள்

வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டைஆக்சைடு. பளிச்சென்ற மஞ்சள் பூச்சுகள் பலவற்றில் பிஸ்மத் வனடேட் இருக்கிறது. காவிக்கல்லுக்கும் செம்மண்ணுக்கும் சிவப்பைக் கொடுப்பது ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. மூன்றும் உலோக ஆக்சைடுகள். வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் எளிதில் அழியாதவை. அரை நூற்றாண்டாக வேதியியலாளர்கள் இந்த நிறமிகளிடம் இன்னொரு வேலையையும் எதிர்பார்த்து உழைத்து வருகிறார்கள். வெயிலை வாங்கிக்கொண்டு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் கொடுக்கும் வேலை அது. இப்படி ஒளியின் துணையோடு வினையை நடத்தும் பொருளை ஒளிவினையூக்கி என்கிறோம்.

ஒரு பொருள் எந்த ஒளியை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அதன் நிறமே சாட்சி. வெள்ளைப் பொடி கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுகிறது; அது எடுத்துக்கொள்வது புற ஊதாக் கதிரை மட்டுமே. மஞ்சள் பொடி நீலத்தை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. சிவப்புப் பொடி நீலத்தோடு பச்சையையும் எடுத்துக்கொள்கிறது. தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் புற ஊதாவின் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம். கண்ணுறு ஒளியின் பங்கோ 40 சதவீதத்துக்கும் மேல். ஆகவே வெயிலில் ஓடும் ஹைட்ரஜன் ஆலை வேண்டுமென்றால் வெள்ளையை விட்டு மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வந்தாக வேண்டும். வரும் வழியில் இரண்டு பெரிய தடைகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தாண்ட உதவுபவை, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள்.

ஹைட்ரஜனின் கரி

2022-ஆம் ஆண்டில் உலகம் பயன்படுத்திய ஹைட்ரஜன் சுமார் 9.5 கோடி டன். பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத்துக்கு அம்மோனியா தயாரிக்கும் ஆலைகளும்தான் இதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. இந்த ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவில் உள்ள மீத்தேனை நீராவியோடு வினைபுரியச் செய்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால், கூடவே 9 முதல் 10 கிலோ கார்பன் டைஆக்சைடு காற்றில் கலக்கிறது. வயலுக்கு இடும் யூரியாவின் பின்னாலும் இந்தக் கரி இருக்கிறது.

தண்ணீரிலிருந்து எடுத்தால் இந்தக் கணக்கு மாறும். 9 கிலோ தண்ணீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜனும் 8 கிலோ ஆக்சிஜனும் கிடைக்கும். அந்த ஹைட்ரஜனை எரித்தால் மீண்டும் தண்ணீர்தான் வரும். இன்று இதற்கு நடைமுறையில் உள்ள வழி, சூரிய மின்பலகையிலோ காற்றாலையிலோ மின்சாரம் எடுத்து, அதைக்கொண்டு தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்வது. இந்திய அரசு 2023 ஜனவரியில் ஒப்புதல் அளித்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறனை இலக்காக வைத்திருக்கிறது. 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீடு கொண்ட அத்திட்டமும் முதன்மையாக மின்னாற்பகுப்பையே நம்பியிருக்கிறது.

ஒளிவினையூக்கி இந்த இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கப் பார்க்கிறது. மின்பலகையின் வேலையையும் மின்னாற்பகுப்புக் கருவியின் வேலையையும் ஒரே பொடி, ஒரே நீர்த்தொட்டிக்குள் செய்ய வேண்டும். வெற்றி பெற்றால் கருவி மிக எளியதாகிவிடும். ஐம்பது ஆண்டு விடாமுயற்சிக்குக் காரணம் இந்த எளிமைதான்.

டோக்கியோவில் எழுந்த குமிழிகள்

1960-களின் பிற்பகுதியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அகிரா புஜிஷிமா, தம் பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவின் வழிகாட்டலில், ரூட்டைல் வகை டைட்டானியம் டைஆக்சைடுப் படிகம் ஒன்றைக் கரைசலில் அமிழ்த்திப் பிளாட்டினத் தகட்டோடு கம்பியால் இணைத்தார். படிகத்தின் மேல் புற ஊதா நிறைந்த ஒளி பட்டதும் அங்கே ஆக்சிஜனும், பிளாட்டினத்தில் ஹைட்ரஜனும் குமிழியிட்டன. படிகம் கரையவில்லை, தேயவில்லை. இந்த முடிவு 1972-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்து உலகத்தை உலுக்கியது; மாற்று எரிபொருள் தேடிய எல்லோர் பார்வையும் இந்தக் கட்டுரையின் மேல் விழுந்தது.

நடந்தது இதுதான். டைட்டானியம் டைஆக்சைடு ஒரு குறைகடத்தி. அதில் எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கும் ஆற்றல் மட்டம் இணைதிறன் பட்டை. அதற்கு மேலே வெறுமையாக இருப்பது கடத்து பட்டை. இடையில் எலக்ட்ரான் தங்க முடியாத ஆற்றல் இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டவைக்கும் அளவு ஆற்றலுள்ள ஃபோட்டான் வந்து மோதினால் ஓர் எலக்ட்ரான் மேலே போய்விடும். கீழே அது விட்டுப்போன வெற்றிடமும் நேர்மின்னூட்டம் கொண்ட துகளைப் போலவே நடந்துகொள்ளும். அதை மின்துளை என்பார்கள். மேலே போன எலக்ட்ரான், நீரிலிருந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். மின்துளை, நீரிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனை உண்டாக்கும். ஒன்று கொடுக்கிறது, மற்றது வாங்குகிறது. இடையில் தண்ணீர் பிளக்கிறது.

நீரைப் பிரிக்க ஓர் எலக்ட்ரானுக்குக் குறைந்தது 1.23 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. இந்த அளவு, அகச்சிவப்பு ஃபோட்டானிடமே இருக்கிறது. ஆனால் வினைகளைத் தேவையான வேகத்தில் நடத்த இதைவிடக் கணிசமாகக் கூடுதல் ஆற்றல் வேண்டும். ரூட்டைலின் இடைவெளி 3.0 எலக்ட்ரான் வோல்ட், அனடேஸ் என்னும் அதன் உடன்பிறப்பின் இடைவெளி 3.2. இவற்றுக்கு 400 நானோமீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழோ அலைநீளமுள்ள ஒளி வேண்டும். அதனால்தான் இவை வெள்ளையாக இருக்கின்றன. அதனால்தான் வெயிலின் பெரும்பகுதி இவற்றிடம் வீணாகிறது.

முதல் தடை: ஆற்றல் மட்டம்

அப்படியானால் இடைவெளி குறைந்த ஆக்சைடை எடுத்துக்கொண்டால் போதாதா? டங்ஸ்டன் ஆக்சைடுக்குச் சுமார் 2.7, பிஸ்மத் வனடேட்டுக்கு 2.4, ஹேமடைட்டுக்கு 2.1 எலக்ட்ரான் வோல்ட். மூன்றும் கண்ணுறு ஒளியை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் மூன்றில் எதுவும் தனியாக நின்று தண்ணீரை முழுதாகப் பிரிப்பதில்லை.

காரணம் ஆக்சைடுகளின் அடிப்படையிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஆக்சைடுகளில் இணைதிறன் பட்டையை அமைப்பவை ஆக்சிஜன் அணுவின் எலக்ட்ரான்கள். அந்த மட்டம், தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கத் தேவையானதைவிட மிக ஆழத்தில், ஏறக்குறைய ஒரே இடத்தில் நிலைபெற்றிருக்கிறது. கீழ்மட்டம் அசையாதபோது இடைவெளியைக் குறைக்க வேண்டுமானால் மேல்மட்டம்தான் இறங்க வேண்டும். அது இறங்கினால், ஹைட்ரஜனை உண்டாக்கப் போதிய ஆற்றல் எலக்ட்ரானிடம் இருக்காது. நிறம் வந்துவிட்டது, ஹைட்ரஜன் எடுக்கும் வலிமை போய்விட்டது. மேலே சொன்ன மூன்று ஆக்சைடுகளும் ஆக்சிஜன் எடுப்பதில் கெட்டிக்காரர்கள், ஹைட்ரஜன் எடுப்பதில் வலுவற்றவர்கள்.

சல்பைடுகளுக்குப் போகலாமே என்று தோன்றும். காட்மியம் சல்பைடு மஞ்சள் நிறத்தது. அதன் மட்டங்கள் இரண்டு வேலைக்கும் பொருந்துகின்றன. ஆனால் அதில் பிறக்கும் மின்துளை, தண்ணீரை விட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் கந்தகத்தைத் தாக்குகிறது. பொருள் தன்னைத்தானே அரித்துக்கொள்கிறது. நச்சுத்தன்மையுள்ள காட்மியம் நீரில் கரைகிறது. ஆக்சைடுகளை ஆய்வாளர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அவற்றின் உறுதிதான் காரணம்.

இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போக மூன்று பாதைகள் திறந்தன. முதலாவது, வெள்ளை ஆக்சைடுக்கு மாசூட்டுவது. 2001-இல் டொயோட்டாவின் மைய ஆய்வுக்கூடத்தினர் டைட்டானியம் டைஆக்சைடில் ஆக்சிஜன் அணுக்கள் சிலவற்றுக்குப் பதிலாக நைட்ரஜனைச் சேர்த்து, கண்ணுறு ஒளியிலும் அதைச் செயல்பட வைத்தார்கள். 2011-இல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வுக்குழு அதே ஆக்சைடின் நுண்துகள்களை உயர் அழுத்த ஹைட்ரஜனில் சூடாக்கிக் கறுப்பாகவே மாற்றிக் காட்டியது. இந்தப் பாதையில் ஒரு விலை உண்டு. புகுத்தப்பட்ட அணுவும் உண்டாக்கப்பட்ட குறையும், எலக்ட்ரானும் மின்துளையும் சந்தித்து அழிந்துபோகும் இடங்களாகவும் ஆகிவிடுகின்றன.

இரண்டாவது, நைட்ரஜனைச் சிறிதளவாக இல்லாமல் பாதிப் பங்காளியாகவே சேர்ப்பது. ஜப்பானைச் சேர்ந்த கசுனாரி டொமென் குழுவினர் 2006-இல் காலியம் நைட்ரைடும் துத்தநாக ஆக்சைடும் ஒன்றாய்க் கலந்த மஞ்சள் பொடியால் கண்ணுறு ஒளியில் தண்ணீரை முழுதாகப் பிரித்தார்கள். 420 முதல் 440 நானோமீட்டர் வரையிலான ஒளியில் அதன் குவாண்டம் திறன் 2.5 சதவீதம், அதாவது நூறு ஃபோட்டான் வந்தால் இரண்டு அல்லது மூன்றுக்குத்தான் பலன்.

மூன்றாவது, இரண்டு பொருள்களை இணைப்பது. ஒன்று ஆக்சிஜன் எடுக்கும், மற்றது ஹைட்ரஜன் எடுக்கும், இடையில் எலக்ட்ரான் கைமாறும். பச்சை இலையும் இரண்டு ஒளி அமைப்புகளை இப்படித்தான் அடுத்தடுத்து இயக்குகிறது. 2016-இல் டொமென் குழுவினர் மாசூட்டிய ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டையும் பிஸ்மத் வனடேட்டையும் மெல்லிய தங்கப் படலத்தின் மேல் பதித்து, தூய நீரைப் பிரித்து, சூரிய ஆற்றலில் 1.1 சதவீதத்தை ஹைட்ரஜனாக மாற்றினார்கள். பிஸ்மத் வனடேட் தனியாகச் செய்ய முடியாத வேலையில் தன் பாதியைச் செய்து முடித்தது. கண்ணுறு ஒளிக்கு ஆக்சைடுகள் எந்த வகையில் பயன்படும் என்பதற்கு இது தெளிவான விடை.

இரண்டாம் தடை: தொலைவு

ஆற்றல் மட்டம் சரியாக அமைந்துவிட்டாலும், எலக்ட்ரானும் மின்துளையும் பொருளின் மேற்பரப்புக்கு வந்து சேர வேண்டும். தண்ணீர் இருப்பது வெளியேதான். வழியில் இரண்டும் மீண்டும் சந்தித்தால் எல்லாம் முடிந்தது. ஃபோட்டான் கொடுத்த ஆற்றல் வெறும் வெப்பமாகிவிடும்.

கால அளவைப் பார்த்தால் இது எவ்வளவு கடினமான போட்டி என்று புரியும். ஒளி பட்டு எலக்ட்ரான் கிளம்புவது ஃபெம்டோநொடிகளில், அதாவது ஒரு நொடியை ஒரு லட்சம் கோடியாக வகுத்து அதையும் ஆயிரமாக வகுத்தால் வரும் நேரத்தில். மறுஇணைவு பெரும்பாலும் பிக்கோநொடி, நானோநொடி அளவுகளில் தொடங்கிவிடுகிறது. ஆனால் மேற்பரப்பில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு மின்துளைகள் சேர வேண்டும். அதற்கு மில்லிநொடிகளும் அதற்கு மேலும் ஆகலாம். அழிவு விரைவாகவும் ஆக்கம் மெதுவாகவும் நடக்கிற இடம் இது.

ஹேமடைட் இதற்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு. அதில் மின்துளை தன் வாழ்நாளில் நகரும் தூரம் 2 முதல் 4 நானோமீட்டர்தான் என்று பழைய அளவீடுகள் காட்டின. தாராளமான மதிப்பீடுகள்கூட 20 நானோமீட்டரைத் தாண்டவில்லை. பச்சை ஒளி அதற்குள் முழுதாக உறிஞ்சப்பட நூறு நானோமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டும். தடித்த படலம் போட்டால் ஒளி கிடைக்கும், மின்துளை வெளியே வராது. மெல்லிய படலம் போட்டால் மின்துளை வெளியே வரும், ஒளி ஊடுருவிப் போய்விடும். ஒரு கட்டிப் பொருளால் இரண்டையும் சேர்த்துத் தர முடியாது.

இங்கேதான் நுண்துளை வருகிறது. பச்சரிசி மாவை உருட்டி ஆவியில் வைத்தால் வெளிப்புறம் வெந்து நடுப்பகுதி வேகாமல் நிற்கும். அதே மாவை இடியாப்பமாகப் பிழிந்து வைத்தால், அடுக்கு எவ்வளவு உயரமாக இருந்தாலும், ஒவ்வொரு நூலையும் ஆவி சூழ்ந்துகொள்வதால் சில நிமிடங்களில் முழுதும் வெந்துவிடும். ஆக்சைடுக்குள் துளைகளை நிறைத்து அவற்றில் தண்ணீரை ஓடவிட்டால் நடப்பதும் இதுதான். ஒளி கடக்கும் மொத்தத் தடிமன் குறையவில்லை. ஆனால் துளைகளுக்கு இடையிலுள்ள சுவர்கள் சில நானோமீட்டர் தடிமனே உடையவை. சுவருக்குள் எங்கே மின்துளை பிறந்தாலும் கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறது.

நுண்துளைப் பொருள்களைப் பற்றி எழுதும்போது அவற்றின் பரப்பளவைத்தான் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு கிராம் பொடிக்குள் ஒரு பெரிய வீட்டுமனையின் பரப்பு அடங்கியிருக்கிறது என்பது வியப்பூட்டும் செய்திதான். ஆனால் கண்ணுறு ஒளி ஆக்சைடுகளைப் பொறுத்தவரை நுண்துளையின் உண்மையான கொடை, ஒளி போகும் தூரத்தையும் மின்னூட்டம் போகும் தூரத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த ஆக்சைடுக்குத் துளை வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாகத் தெளிவாகும்.

2006-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் மைக்கேல் கிரேட்செல் குழுவினர் இதை ஹேமடைட்டில் செய்து காட்டினார்கள். சிறிதளவு சிலிக்கான் கலந்து, கிளை கிளையாகப் பிரிந்து, நுனிகளில் 10 முதல் 20 நானோமீட்டர் அளவே உள்ள இழைகளாக ஹேமடைட்டை வளர்த்தார்கள். செயற்கைச் சூரிய ஒளியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.2 மில்லிஆம்பியர் மின்னோட்டம் கிடைத்தது. அக்காலத்தில் அது பெரிய முன்னேற்றம். ஹேமடைட் எடுத்துக்கொள்ளும் ஃபோட்டான் ஒவ்வொன்றும் பலன் தந்தால் 12.6 மில்லிஆம்பியர், அதாவது ஏறக்குறைய 15 சதவீத சூரிய-ஹைட்ரஜன் திறன் கிடைக்க வேண்டும். எவ்வளவு தூரம் மீதமிருக்கிறது என்பதையும் அதே எண் சொல்லியது.

துளை போடும் கலை

நானோமீட்டர் அளவில் துளை போட எந்த ஊசியும் இல்லை. துளையின் வடிவத்தில் ஒரு வார்ப்பை வைத்து, அதைச் சுற்றி ஆக்சைடை உருவாக்கி, பிறகு வார்ப்பை அகற்ற வேண்டும். 1992-இல் மொபில் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சோப்பு வகை மூலக்கூறுகள் நீரில் தாமாகவே ஒழுங்காகத் திரண்டு நிற்பதைப் பயன்படுத்தி, அவற்றைச் சுற்றிச் சிலிக்காவைப் படியவைத்தார்கள். வார்ப்பை எரித்து நீக்கியபோது ஒரே அளவுள்ள துளைகள் வரிசை வரிசையாக நின்றன. 2 முதல் 50 நானோமீட்டர் வரை விட்டமுள்ள இத்தகைய துளைகளை இடைத்துளைகள் என்று வகைப்படுத்துகிறார்கள். 1998-இல் சாண்டா பார்பராவில் கேலன் ஸ்டக்கி குழுவினர், நீளமான பாலிமர் மூலக்கூறுகளை வார்ப்பாக வைத்து, டைட்டானியம், டங்ஸ்டன், நியோபியம், டான்டலம் எனப் பல உலோகங்களின் ஆக்சைடுகளில் 14 நானோமீட்டர் வரை துளைகளை உண்டாக்கினார்கள்.

அங்கே ஒரு முரண்பாடு குறுக்கே நின்றது. இப்படிக் கிடைத்த சுவர்கள் பெரும்பாலும் ஒழுங்கற்ற அணுக்களின் குவியல். அத்தகைய சுவருக்குள் எலக்ட்ரான் தடுமாறும். ஒவ்வொரு குறையிலும் சிக்கிக்கொள்ளும். அணுக்கள் படிகமாக ஒழுங்குபட வேண்டுமானால் நன்றாகச் சூடாக்க வேண்டும். சூடாக்கினால் படிகங்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி, துளைகள் இடிந்து விழுந்துவிடும். படிகத்தைத் தேடினால் துளை போகிறது, துளையைக் காத்தால் படிகம் வரவில்லை.

2008-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வீஸ்னர் குழுவினர் இதற்கு நேர்த்தியான தீர்வு கண்டார்கள். வார்ப்பாக நின்ற பாலிமரைக் காற்றில் எரிக்காமல், ஆக்சிஜன் இல்லாத சூழலில் சூடாக்கினார்கள். பாலிமர் கரியாக மாறித் துளைக்குள்ளேயே முட்டுக்கொடுத்து நின்றது. அந்த முட்டின் பாதுகாப்பில் சுவர்கள் படிகமாயின. பிறகு காற்றில் சூடாக்கிக் கரியை எரித்து நீக்கினார்கள். துளையும் நின்றது, படிகமும் கிடைத்தது. முன்பே துளையுள்ள சிலிக்காவுக்குள் உலோக உப்பை நிரப்பி, சூடாக்கி, பின் சிலிக்காவைக் கரைத்தெடுக்கும் முறையும் இதே நோக்கம் கொண்டது.

பிஸ்மத் வனடேட்டில் வெற்றி வேறொரு வழியாக வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் கியுங்-ஷின் சோயும் அவருடைய சக ஆய்வாளரும் 2014-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட முறை அது. முதலில் பிஸ்மத் ஆக்ஸிஅயோடைடு என்னும் சேர்மத்தை மெல்லிய தகடுகளாக, இடைவெளிவிட்டு, மின்படிவு முறையில் வளர்த்தார்கள். அதன்மேல் வனேடியம் கரைசலை இட்டுச் சூடாக்கியபோது தகடுகள் பிஸ்மத் வனடேட் துகள்களாக மாறின. தகடுகளுக்கு நடுவே இடம் இருந்ததால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருக்கவில்லை. சராசரி அளவு 76 நானோமீட்டரில் நின்றது. இந்தப் பொருளில் மின்துளை போகக்கூடிய தூரம் சுமார் 100 நானோமீட்டர். துகளின் அளவு அதற்குள் அடங்கிவிட்டதால், நீர்ப் பிரிப்புக்குரிய 1.23 வோல்ட் மின்னழுத்த அளவுகோலில் 90 சதவீத மின்னூட்டங்கள் அழியாமல் மேற்பரப்பை அடைந்தன. இதற்கு மாசூட்டல் எதுவும் தேவைப்படவில்லை. வந்து சேர்ந்த மின்துளைகள் மேற்பரப்பில் காத்திருந்து அழியாமல் இருக்க, இரும்பும் நிக்கலும் கொண்ட இரண்டு வினையூக்கி அடுக்குகளை மேலே பூசினார்கள். இது பொடியாக மிதக்கும் ஒளிவினையூக்கி இல்லை. கம்பியோடு இணைத்த மின்வாய், சிறிது வெளி மின்னழுத்தமும் அதற்குத் தேவை. இருந்தாலும் தூரத்தை அளந்து அதற்கேற்பப் பொருளை வடிவமைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

துளை வேண்டாத இடம்

எல்லா ஆக்சைடுக்கும் துளை நல்லதா? 2020-இல் வந்த ஒரு முடிவு இதற்கு விடை சொல்கிறது. டொமென் குழுவினர் அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டை, உருகிய உப்பில், ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி எடுத்தார்கள். கிடைத்தவை துளையே இல்லாத, பட்டை தீட்டியது போன்ற முகங்கள் கொண்ட, குறைகள் மிகக் குறைந்த படிகங்கள். ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் ஒருவகை முகத்துக்கும் மின்துளைகள் இன்னொரு வகை முகத்துக்கும் பிரிந்து சென்றன. ஒரு முகத்தில் ஹைட்ரஜன் எடுக்க ரோடியமும், மற்றதில் ஆக்சிஜன் எடுக்கக் கோபால்ட்டும் படியவைத்தார்கள். ரோடியத்தின் மேல் குரோமியம் ஆக்சைடு உறை. உண்டான ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு மீண்டும் சேர்ந்து தண்ணீராகிவிடாமல் அது தடுத்தது. 350 முதல் 360 நானோமீட்டர் ஒளியில் குவாண்டம் திறன் 96 சதவீதம் வரை வந்தது. வந்த ஃபோட்டான்களில் கிட்டத்தட்ட எதுவும் வீணாகவில்லை.

ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் மின்னூட்டங்கள் நெடுந்தூரம் போகக்கூடியவை. தூரம் அங்கே தடையாக இல்லை. தடையாக இருந்தவை குறைகள். துளை போட்டிருந்தால் மேற்பரப்பு கூடியிருக்கும், மேற்பரப்போடு குறைகளும் கூடியிருக்கும். மேற்பரப்பு என்பதே படிகத்தின் ஒழுங்கு முடிந்துபோகும் இடம். அங்கே பிணைப்பு அறுந்த அணுக்கள் மின்னூட்டங்களைச் சிறைப்பிடிக்கின்றன. மிகக் குறுகிய துளைகளுக்குள் வாயுக் குமிழி அடைத்துக்கொள்ளவும், அயனிகளின் ஓட்டம் தடைப்படவும் கூடும். ஆகவே மின்னூட்டம் குறுகிய தூரமே போகும் ஹேமடைட், பிஸ்மத் வனடேட் போன்றவற்றுக்குத் துளை உயிர். நெடுந்தூரம் போகும் பொருளுக்கு அது சுமை.

துளையால் தீர்க்க முடியாத சிக்கலும் உண்டு. ஹேமடைட் எடுத்துக்கொள்ளும் ஒளியில் ஒரு பகுதி, இரும்பு அணுக்களுக்குள்ளேயே எலக்ட்ரானை இடம் மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. நகரக்கூடிய மின்னூட்டமாக அது மாறுவதில்லை. அந்த இழப்பு சுவரை எவ்வளவு மெலிதாக்கினாலும் போகாது. மின்னூட்டம் பிறந்த பிறகுதான் துளைக்கு வேலை.

நூறு சதுர மீட்டர்

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இது எங்கே நிற்கிறது? அதே ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் பொடியைத் தகடுகளில் பூசி, 25 சென்டிமீட்டர் சதுரப் பெட்டிகள் 1,600-ஐ வரிசையாக அடுக்கி, ஜப்பானில் 100 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு களத்தை டொமென் குழுவினர் அமைத்தார்கள். 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த அறிக்கையின்படி, களம் பல மாதங்கள் வெயிலில் ஓடியது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து வரும் வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பாலிமைடு சவ்வு வழியாகப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் கலவை வெடிக்கக்கூடியது; வேண்டுமென்றே அதைப் பற்றவைத்துப் பெட்டிகள் தாங்குகின்றனவா என்றும் சோதித்தார்கள். பெட்டிகள் தாங்கின. சூரிய ஆற்றலை ஹைட்ரஜனாக மாற்றிய திறன் அதிகபட்சம் 0.76 சதவீதம்.

96 சதவீதம் எப்படி 0.76 ஆனது? பொடியின் மேல் பழியில்லை. அது வெள்ளை, வெயிலின் புற ஊதாப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 5 சதவீதக் கணக்கு இங்கே முழுவிலையையும் கேட்கிறது.

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளில் 5 கிலோவாட்-மணி சூரிய ஆற்றல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல் சுமார் 33 கிலோவாட்-மணி. 0.76 சதவீதத் திறனில் 100 சதுர மீட்டர் களம் ஒரு நாளில் தருவது 115 கிராம் அளவு. திறன் 10 சதவீதமானால் அதே களம் ஒன்றரைக் கிலோ தரும். அந்த 10 சதவீதத்தைத் தொட, 600 நானோமீட்டர் வரையுள்ள ஒளி முழுவதையும் எடுத்துக்கொண்டு, அதில் ஏறக்குறைய 60 சதவீத ஃபோட்டான்களைப் பலனாக மாற்றும் பொருள் வேண்டும். நிறமுள்ள ஆக்சைடும் அதன் நுண்துளையும் இல்லாமல் ஆக்சைடு வழியில் அந்த இடத்துக்குப் போக முடியாது.

முடிவுகளை எப்படிப் படிப்பது

இத்துறையில் மாதந்தோறும் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. செய்தித்தாள்களிலும் ‘தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்’ என்ற தலைப்பு அடிக்கடி வருகிறது. படிக்கும் மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும்.

முதலாவது, கரைசலில் தண்ணீர் மட்டும் இருந்ததா? பல சோதனைகளில் மெத்தனால், டிரைஎத்தனாலமைன் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். மின்துளைகளுக்கு இவை எளிதில் இரையாகி அழிந்துவிடுவதால், ஆக்சிஜன் எடுக்கும் கடினமான பாதி வேலை நடக்காமலேயே ஹைட்ரஜன் நிறைய வரும். ஒரு பொருளின் இயல்பை அறிய இது உதவும் சோதனை; ஆனால் இது நீர்ப் பிரிப்பு இல்லை. உண்மையான நீர்ப் பிரிப்பில் இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜனும் அளக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, அளவு எதில் சொல்லப்படுகிறது? ‘ஒரு கிராமுக்கு ஒரு மணிக்கு இத்தனை மைக்ரோமோல்’ என்ற அளவு, விளக்கின் வலிமையையும் பொடியின் எடையையும் பொறுத்து மாறும். நுண்துளைப் பொடி எடை குறைந்தது என்பதால் இந்த அளவில் அது பெரிதாகத் தெரியும். எந்த அலைநீளத்தில் எத்தனை சதவீதக் குவாண்டம் திறன், சூரிய ஒளியில் எத்தனை சதவீதம் ஹைட்ரஜன் என்ற இரண்டு எண்கள்தான் ஒப்பிடத் தக்கவை.

மூன்றாவது, துளைக்கு உரிய பங்கு தனியாக நிறுவப்பட்டிருக்கிறதா? அதே ஆக்சைடைத் துளையில்லாமலும் செய்து, படிகத்தன்மையும் ஒளி உறிஞ்சலும் ஒத்திருக்கும்படி வைத்து ஒப்பிட்டால்தான் துளையால் வந்த ஆதாயம் எது, மற்றவற்றால் வந்தது எது என்று சொல்ல முடியும்.

நான்காவது, எத்தனை காலம் ஓடியது? சில மணி நேரச் சோதனை ஒரு பொருளை அறிமுகப்படுத்தும், அதற்கு மேல் எதையும் நிறுவாது.

இந்த நான்காவது கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். மின்பலகையும் மின்னாற்பகுப்புக் கருவியும் இன்றே நம்மிடம் இருக்கின்றன; அவை இணைந்து தரும் திறன் பொடிகளைவிடப் பல மடங்கு மேல். அவற்றோடு நுண்துளை ஆக்சைடு போட்டியிட வேண்டிய களம் விலையும் ஆயுளும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்று, அரித்துப்போகாமல், துளைகள் தூர்ந்துபோகாமல் ஐந்து முதல் பத்து சதவீதத்தைக் கொடுக்கும் ஒரு மலிவான பொடி கிடைத்தால் அது வெயில் நிறைந்த நாடுகளுக்கு மின்வலையமைப்பைச் சாராத எரிபொருளைத் தரும். ஆகவே புதிய புதிய ஆக்சைடுகளின் பட்டியலை நீட்டுவதைவிட, இருக்கிற நல்ல ஆக்சைடுகளில் மின்னூட்டம் போகும் தூரத்தைத் துல்லியமாக அளந்து, சுவரின் தடிமனை அதற்கேற்ப அமைத்து, வெட்டவெளியில் வைத்து ஆண்டு முழுவதும் சோதிக்கும் ஆய்வுகளுக்கு நம் பல்கலைக்கழகங்கள் இடமும் பணமும் ஒதுக்க வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில், அந்த நீண்ட சோதனையை நடத்தும் பொறுப்பும் நமக்கு உண்டு.